புல்லும் சோலையும் புனலும்

ஆறு பிறக்குமிடத்தில் நிலத்தின் பயன் மாறுமாயின், ஆங்கு வாழும் உயிர்கட்கு நேர்வது யாது? இதனை நீலகிரியின் பைக்காரா ஆற்றைக் கொண்டு ஆராய்வோம். முக்கூர்த்தி மலைப்பக்கத்தே தோன்றும் இவ்வாறு, மோயாறு எனப் பெயர்பெற்றுப் பவானியிற் கலந்து, அதன் வழியே காவிரியை அடைகின்றது.

இம்மேட்டுநிலத்தின் இயல்பு இருவகைத்து: பள்ளங்களிற் குறுமரங்கள் செறிந்த சோலை, மேடுகளிற் பரந்த புல்வெளி. வரையாடு மேய்வதும், நெட்டைக்காலி என்னும் சிறு பறவை கூடு கட்டுவதும், பன்னீராண்டுக்கு ஒருமுறை குறிஞ்சி பூப்பதும் புல்வெளியிலேயே. தோடர்தம் எருமைகட்கும் அதுவே மேய்ச்சல் நிலம்.

1819-ஆம் ஆண்டில் கோயமுத்தூர்க் கலெக்டர் ஜான் சலிவன் இம்மலைக்கு வந்தபின், நகரும் தேயிலைத் தோட்டமும் பெருகின. விறகின்பொருட்டுக் கற்பூரமரம் என வழங்கும் யூகலிப்டசும், தோல் பதனிடும் பட்டையின்பொருட்டுச் சீகைமரமும் ஆஸ்திரேலியாவினின்று கொணர்ந்து நடப்பெற்றன. புல்வெளியை வீணிலமென எண்ணியமையே இதற்கு இடந்தந்தது.

மரம் நடுதல் நற்செயலன்றோ எனின், எங்கு நடுகின்றோம் என்பதே வினா. அடர்ந்த நிழலிற் புல் மடியும். புல் மடியவே, அதனைச் சார்ந்த உயிர்களும் அகலும். வெளிக்குக் காடாகத் தோன்றுவது அவ்வுயிர்கட்குப் பாலையே. மேலும், வாழிடத்தின் தரம் பரப்பை மட்டும் பொறுத்ததன்று. எஞ்சிய புல்வெளி துண்டுதுண்டாய்ச் சிதறிச் சாலைக்கும் தோட்டத்துக்கும் இடையிற் சிக்குமாயின், வரையாட்டுக் கூட்டங்கள் ஒன்றோடொன்று கலக்க வழியின்றித் தனித்துக் குன்றும்.

நீருக்கும் இம்மாற்றம் ஊறு செய்தது. கிளென்மார்கனில் அடுத்தடுத்த இரு நீர்ப்பிடிப்புகளுள் ஒன்றைப் புல்லாகவே விட்டு, மற்றொன்றிற் கற்பூரமரம் நட்டு, 1972 முதல் ஒப்பிட்டு அளந்தனர். மரம் நட்ட நிலத்தின் நீர்வரவு முதற் பத்தாண்டில் ஏறக்குறைய 16 விழுக்காடு குறைந்தது. வெட்டிய அடிமரம் மீளத் தழைத்த காலத்தில் 25 விழுக்காடு குறைந்தது. மழையற்ற மாதங்களில் ஓடும் நீரே பெரிதும் சுருங்கிற்று. 1932 முதல் பைக்காராவில் மின்னாற்றல் தந்துவருவதும் இம்மலைநீரே என்பதை நினைக்க, இழப்பின் அளவு விளங்கும்.

கெடுத்தல் எளிது, திருத்தல் அரிது. சீகைமரத்தை வெட்டினும், அதன் விதை மண்ணிற் பல்லாண்டு உறங்கிக் கிடந்து மீண்டும் முளைக்கும். ஆதலின் அயல்மரங்களைக் களைவதோடு அமையாது, முளைப்பனவற்றை ஆண்டுதோறும் பறித்து, மலைக்குரிய புல்லை மீள நட்டுக் காத்தல் வேண்டும். இதனினும் முந்திய கடமை ஒன்றுண்டு. எஞ்சிய புல்வெளியை வீணிலமென்று கூறும் வழக்கை நாம் ஒழித்தல் வேண்டும். காவிரியின் நீரில் ஒரு பங்கு அப்புல்லின் அடியிற் பிறக்கின்றதன்றோ!