குடோன் நாய்க்கு ஸ்பிரிங் கயிறு: பயனும் பாதுகாப்பும்

"நாய்க்கு வேலையும் இல்லை, நிற்க நேரமும் இல்லை" என்று நம் பெரியவர்கள் சொல்வதுண்டு. நமது குடோன்களில் காவலுக்குக் கட்டியிருக்கும் நாய்களின் நிலையோ இதற்கு நேர்மாறானது. பகல் முழுவதும் அவற்றுக்கு வேலை இல்லை. நின்ற இடத்திலேயே நிற்பதைத் தவிர வேறு வழியும் இல்லை. இதனால் வணிகர்களாகிய நமக்கு வரும் கேட்டையும், அதற்குரிய பரிகாரம் ஒன்றையும் நமது அனுபவத்திலிருந்து இங்கே எழுதுகிறோம்.

நமது மொத்த வியாபாரம் கீழமாசி வீதியில். சரக்கு இறக்கி வைக்கும் குடோன் ரிங் ரோட்டுப் பக்கம் இருக்கிறது. அங்கே காவலுக்குக் கோம்பை நாய் ஒன்றை வளர்த்து வருகிறோம். இரவில் அவிழ்த்து விடுவோம். காலையில் ஷட்டர் திறக்குமுன் கட்டிப் போடுவோம். 2019ஆம் ஆண்டு ஒரு நாள் துவரம்பருப்பு லோடு இறங்கிக் கொண்டிருந்தபோது சங்கிலி அறுந்து விட்டது. மூட்டை சுமந்து வந்த தொழிலாளி ஒருவரின் கெண்டைக்காலைக் கவ்விய நாய் எளிதில் விடவில்லை. காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று தடுப்பூசி போட்டோம். மூன்று வாரம் அவரால் மூட்டை தூக்க முடியவில்லை. வைத்தியச் செலவையும் கூலியையும் கொடுத்ததோடு கணக்கு முடிந்தது என்று நினைத்திருந்தோம்.

வேலைக்குத் திரும்பிய அன்று அவர் கேட்டார்: "அண்ணாச்சி, நாள் பூராவும் ரெண்டு முழச் சங்கிலியில கட்டிப் போட்டா அது கடிக்காம என்ன செய்யும்? நம்மளக் கட்டிப் போட்டா ஒரு நாள் தாங்குவோமா?" கடிபட்டவரே நாய்க்காகப் பேசியபோது நமக்குத் தலை குனிவாகத்தான் இருந்தது.

சட்டம் சொல்வது

1960ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆவது பிரிவு, வழக்கமாகக் கட்டியோ அடைத்தோ வைக்கப்படும் நாய்க்குப் போதிய உடற்பயிற்சி தராமல் விடுவதை வதை என்றே சொல்கிறது. மிகக் குட்டையான அல்லது மிகக் கனமான சங்கிலியில் நெடுநேரம் கட்டி வைப்பதும் அதே பிரிவில் குற்றமாகும். வளர்ப்புப் பிராணியால் மனிதருக்கு ஆபத்து நேராதபடி தக்க ஏற்பாடு செய்யாதவருக்கு, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 291ஆவது பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறையோ, 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ கிடைக்கக் கூடும். ஆகவே பயிற்சி கொடுப்பது நாய்க்கு நாம் காட்டும் சலுகை அல்ல, நமது கடமை.

நமது பகுதி நாய்கள்

தேனி மாவட்டத்துக் கோம்பையும் விருதுநகர் மாவட்டத்து ராஜபாளையமும் காட்டுப்பன்றி வேட்டைக்குப் பழகிய இனங்கள். 2005ஆம் ஆண்டு ராஜபாளையம் நாய்க்குத் தபால் தலையே வெளியிடப்பட்டது. 2020 ஆகஸ்டில் பிரதமர் தமது வானொலி உரையில் இவ்வினங்களின் பெயர்களைச் சொன்னார். பெருமைதான். ஆனால் பன்றியைத் துரத்திப் பிடிக்கும் பலம் உள்ள நாயை வாங்கி வந்து தூணில் கட்டினால் அந்தப் பலம் எங்கே போகும்? காலையிலும் மாலையிலும் நடத்திச் செல்வதே முதல் பயிற்சி. ஓட்டத்துக்குப் பேர்போன சிப்பிப்பாறை, கன்னி நாய்களுக்கு வேலியிட்ட இடத்தில் ஓட்டம் வேண்டும். கவ்வி இழுப்பதில் விருப்பமுள்ள வலுவான நாய்க்கு, நடையோடு கூட ஸ்பிரிங் கயிறும் உதவும்.

ஸ்பிரிங் கயிறு என்பது என்ன?

நம் வீடுகளில் குழந்தைக்குக் கட்டும் ஸ்பிரிங் தொட்டிலை எல்லோரும் அறிவோம். அதே தத்துவம்தான். உயரத்தில் ஒரு ஸ்பிரிங், அதன் கீழே கயிறு, கயிற்று நுனியில் நாய் கவ்வுவதற்கு ஒரு பிடி. நாய் கவ்விப் பின்னால் இழுக்கும். ஸ்பிரிங் விட்டுக் கொடுத்து மறுபடி இழுக்கும். நாய்க்கு எதிரே ஓர் ஆள் நின்று இழுப்பது போன்ற விளையாட்டு இது. ஸ்பிரிங் இல்லாமல் வெறும் கயிற்றைக் கட்டினால், வெடுக்கென்ற அதிர்ச்சி முழுவதும் நாயின் பல்லிலும் கழுத்திலும் இறங்கும். அமெரிக்காவில் பிட்புல் வகை நாய் வளர்ப்போரிடம் இது பரவலாக உண்டு.

கட்டும் முறை

1. வேம்பு அல்லது புளிய மரத்தின் பருத்த கிளை, அல்லது தரையில் கான்கிரீட் போட்டு ஊன்றிய இரும்புச் சட்டம் வேண்டும். முருங்கைக் கிளை வேண்டவே வேண்டாம். குடோனின் ஆஸ்பெஸ்டாஸ் கூரையைத் தாங்கும் குழாயிலும் கட்டலாகாது.

2. தொட்டில் ஸ்பிரிங் குழந்தையின் எடைக்கு உரியது, நாய்க்குப் போதாது. 25 கிலோ நாய் துள்ளி இழுக்கும்போது அதன் எடையைப் போலப் பல மடங்கு விசை விழும். கட்டி முடித்ததும் இரண்டு சீனி மூட்டைகளை, அதாவது 100 கிலோவை, மெதுவாகத் தொங்க விட்டுப் பாருங்கள். அதைத் தாங்காவிட்டால் பயன்படுத்த வேண்டாம்.

3. ஸ்பிரிங் ஒரு நாள் அறும் என்று நினைத்தே கட்ட வேண்டும். அதற்காக இன்னொரு உறுதியான கயிற்றை ஸ்பிரிங்கின் உள்ளே செலுத்தி, மேலே கிளையிலும் கீழே பிடிக் கயிற்றிலும் தனியாகக் கட்டுங்கள். ஸ்பிரிங் நீளும் அளவுக்கு அது தளர்வாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அறுந்த ஸ்பிரிங் நாயின் முகத்திலோ நம் முகத்திலோ வந்து அடிக்கும்.

4. பிடியாகச் சாக்கைக் கட்டாதீர்கள். சாக்கைக் கிழித்துப் பழகிய நாய்க்கு உங்கள் பருப்பு மூட்டை எது, விளையாட்டுச் சாக்கு எது என்று தெரியாது. தடித்த பருத்திக் கயிற்று முடிச்சு அல்லது கெட்டித் தோல் நல்லது. நைலான் கயிறு வாயை அறுக்கும். நூல் பிரியத் தொடங்கியதும் மாற்றி விடுங்கள்; விழுங்கிய நூல் குடலை அடைக்கும்.

5. பிடி, நாயின் தலை மட்டத்துக்குச் சற்று மேலே இருந்தால் போதும். பின்னங்கால்கள் எப்போதும் தரையில் ஊன்றியிருக்க வேண்டும். அந்தரத்தில் தொங்க விடுவதைச் சிலர் வீரமாக நினைக்கிறார்கள். முதுகெலும்புக்கும் பல்லுக்கும் அதுவே கேடு. கீழே சிமெண்ட் தரை கூடாது, மண் தரையே நல்லது.

பயிற்சி கொடுக்கும் முறை

ஒன்றரை வயதுக்கு உட்பட்ட நாய்க்கு இது வேண்டாம். எலும்பும் மூட்டும் முற்றியிருக்காது. மூட்டுவலி, பல் ஆட்டம், இருதயக் கோளாறு உள்ள நாய்க்கும் ஆகாது. தொடங்குமுன் கால்நடை மருத்துவரிடம் ஒரு முறை காட்டி விடுங்கள். ஆண்டுதோறும் வெறிநோய்த் தடுப்பூசி போடுவதும் தவறக் கூடாது.

கயிற்றைக் காட்டுமுன் "எடு", "விடு" என்ற இரண்டு சொற்களைப் பழக்குங்கள். "விடு" என்றதும் விடாத நாயை ஸ்பிரிங் கயிற்றில் விடுவது, பிரேக் பிடிக்காத லாரியில் லோடு ஏற்றுவதற்குச் சமம். வெள்ளை ராஜபாளையம் நாய்களில் சில பிறவியிலேயே காது கேளாதவை. அவற்றுக்குக் கைச் சாடையால் பழக்க வேண்டும்.

முதல் வாரம் இரண்டு நிமிடம் போதும். பிறகு இடையிடையே ஓய்வு கொடுத்து, மெல்ல மெல்ல மொத்தம் 10 நிமிடம் வரை கூட்டலாம். நாய் பெரும்பாலும் நாக்கை நீட்டி மூச்சிரைத்துத்தான் உடல் சூட்டைத் தணித்துக் கொள்கிறது. வாயில் கயிற்றைக் கவ்வியிருக்கும்போது அது முடியாது. ஆகவே ஒவ்வொரு நிமிடமும் "விடு" சொல்லி மூச்சு வாங்க விடுங்கள். நமது மதுரை வெயிலில் இது உயிர்ப் பிரச்சினை. காலை 7 மணிக்கு முன்போ, பொழுது சாய்ந்து தரை ஆறிய பிறகோ மட்டும் செய்யுங்கள். கத்திரி வெயில் நாட்களில் நடை மட்டும் போதும். நாய் தள்ளாடினாலோ, எச்சில் கெட்டியாக வழிந்தாலோ, ஈறு கடுஞ்சிவப்பானாலோ உடனே நிறுத்தி, நிழலில் கிடத்தி, உடல் நனையத் தண்ணீர் ஊற்றியபடியே மருத்துவருக்குச் சொல்லி அனுப்புங்கள். சாப்பிட்ட இரண்டு மணி நேரத்துக்குள் பயிற்சி கூடாது.

நாய் கயிற்றில் இருக்கும் வரை ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும். கழுத்தில் சங்கிலி கிடக்கக் கூடாது. ஒரு நேரத்தில் ஒரு நாய்தான்; குழந்தைகள் அருகே வரலாகாது. முடிந்ததும் கயிற்றைக் கழற்றி உள்ளே வையுங்கள். தொங்கும் கயிறு நாயின் கழுத்தில் சுற்றிக் கொள்ளும். வெளிநாடுகளில் நாய்ச் சண்டைக்குத் தயார் செய்வோரும் இதைப் பயன்படுத்தியதால் இதற்கு ஒரு கெட்ட பெயர் உண்டு. ஆளையோ வேறு பிராணியையோ காட்டி வெறியூட்டாதீர்கள்.

நமது கோம்பைக்கு இப்போது வயதாகி விட்டது. கயிற்றை நிறுத்தி நடை மட்டும் வைத்திருக்கிறோம். கயிறு பழகிய பின் பகலில் அது படுத்து உறங்கும். இரவில் வாசலில் ஆள் அரவம் கேட்டால் முன்போலவே குரைக்கும். ஸ்பிரிங் கயிறு மட்டுமே இதைச் செய்து விட்டது என்று சொல்ல மாட்டோம். தினமும் அரை மணி நேரம் ஓர் ஆள் அதனோடு இருந்ததும், சங்கிலியை அவிழ்த்து வேலியிட்ட முற்றத்தில் விட்டதும் சேர்ந்துதான் செய்தன. அன்று கடிபட்டவர்தான் பல ஆண்டுகள் காலையில் அதற்குக் கயிறு பிடித்தவர். அந்த அரை மணிக்கும் கூலி உண்டு என்று சம்பளக் கணக்கில் எழுதி வந்தோம். காவலுக்கு நாய் வைத்திருக்கும் உறுப்பினர்கள் நாளைக் காலை கடை திறக்குமுன் தங்கள் நாயின் சங்கிலி எத்தனை முழம் என்று ஒரு முறை அளந்து பார்க்கும்படி கேட்டுக் கொள்கிறோம்.