நாடிழந்த பேராசிரியர்

1933ஆம் ஆண்டு ஹிட்லர் ஜெர்மனியின் ஆட்சியைக் கைப்பற்றியதும், யூத குலத்திற் பிறந்த பேராசிரியர் பலர் பதவி இழந்தனர். சிலர் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் அடைக்கலம் புகுந்தனர். வேறு சிலர் துருக்கியை நாடினர். அதே ஆண்டில் முஸ்தபா கெமாலின் அரசாங்கம் இஸ்தான்புல் பல்கலைக் கழகத்தைப் புதுமுறையில் அமைக்க முற்பட்டது. ஒரு நாடு தள்ளிய அறிஞரை மற்றொரு நாடு விரும்பி ஏற்றது.

அங்ஙனம் சென்றவர்களுள் ஒருவர் எரிக் அவர்பாக். 1892இல் பெர்லினிற் பிறந்தவர்; முதல் உலகப் போரில் ஜெர்மனிக்காகப் போரிட்டுக் காயமுற்றவர்; மார்பர்க் பல்கலைக் கழகத்தில் இலத்தீன் வழிவந்த மொழிகளின் இலக்கியங்களைக் கற்பித்தவர். நாட்டுக்குச் செய்த சேவை அவரைக் காக்கவில்லை. 1935இல் பதவியிழந்த அவர், மறு ஆண்டில் இஸ்தான்புல் சேர்ந்தார்.

1942 மே முதல் 1945 ஏப்ரல் வரை, போர் மூண்டிருந்த காலத்தே, ‘மிமேசிஸ்’ என்னும் பெருநூலை அவர் எழுதினார். ஹோமர் முதல் வர்ஜீனியா வுல்ஃப் வரை, மேனாட்டு இலக்கியம் வாழ்வின் உண்மையை எவ்வாறு காட்டியது என்பதே அதன் பொருள். ஒவ்வோர் அதிகாரத்திலும் மூலநூலின் ஒரு சிறு பகுதியை எடுத்துக்கொண்டு, அதன் சொல்லையும் தொடரையும் நுணுகி ஆராய்வது அவர் முறை. பண்டைய கிரேக்க, உரோம இலக்கிய மரபில் உயர்குடியினரின் துயரமே பெருங்காவியத்துக்கு உரியது. எளியோர் வாழ்வு பெரும்பாலும் நகைச்சுவைக்கே பயன்பட்டது. ஆனால் விவிலியத்திலோ, பேதுரு என்னும் மீனவன் தன் ஆசானை மறுதலித்து அழுகின்றான். எளியவன் ஒருவனின் உள்ளப் போராட்டம் அங்கே உலகப் பொருளாகிறது. இம்மாற்றத்தின் வரலாற்றையே அவர் விரித்துரைத்தார். மனிதருட் சிலரை இழிந்தோர் என ஒதுக்கிய ஆட்சியால் துரத்தப்பட்டவர் இதனை எழுதினார் என்பது சிந்திக்கத்தக்கது.

இஸ்தான்புல் நூலகங்களில் ஐரோப்பிய ஆராய்ச்சிக்கு வேண்டிய நூல்கள் போதிய அளவு இல்லை என்றும், அக்குறையே ஒருகால் தம் நூல் பிறக்கக் காரணமாயிற்று என்றும் அவரே அந்நூலின் முடிவில் கூறியுள்ளார். எல்லா ஆராய்ச்சிகளையும் படித்து முடித்தே எழுதுவதென்று காத்திருந்தால், எழுதும் நாள் வந்திராது என்பது அவர் கருத்து. ஆயினும் அந்நகரம் நூலற்ற பாலை அன்று; டொமினிக்கன் துறவியர் மடத்து நூலகம் அவருக்கு உதவிற்று. உடன் பணியாற்றிய அறிஞரும் இருந்தனர். எனவே, துன்பம் தானே நூலை இயற்றிவிடவில்லை. பல்லாண்டுப் பயிற்சியும், பிற நாட்டார் அளித்த ஆதரவுமே அதனை இயற்றின.

1946இல் ஸ்விட்ஜர்லாந்தின் பெர்ன் நகரில் நூல் வெளிவந்தது. அடுத்த ஆண்டு அவர் அமெரிக்கா சென்றார். பின்னர் யேல் பல்கலைக் கழகத்தில் ஆசிரியராய் விளங்கி, 1957இல் மறைந்தார். நாடும் பதவியும் நூல்நிலையமும் அவரிடமிருந்து பறிக்கப்பட்டன. ஒரு பக்கத்தைப் பொறுமையுடன் படித்து உணரும் ஆற்றலை மட்டும் எவராலும் பறிக்க இயலவில்லை. மாணவர்கள் இன்றே தேடிக்கொள்ளத்தக்க செல்வம் அதுவே.