ஒரே ஃப்ரிட்ஜ், ஒரு வீட்டில் 0 ரூபாய், இன்னொரு வீட்டில் 529

கோடைக் கணக்கெடுப்பு முடிந்துவிட்டது. ஈ.பி. பில் கட்டக் கடைசி நாள் நெருங்குகிறது. இந்த வாரம் வந்த வாசகர் கடிதங்கள் பலவற்றில் ஒரே புலம்பல்தான்: “புது ஃப்ரிட்ஜ் வாங்கினோம். கதவில் ஒட்டிய ஸ்டிக்கரில் ஆண்டுக்கு 240 யூனிட் என்று இருக்கிறது. இரண்டு மாதத்துக்கு 40 யூனிட். யூனிட் ஐந்து ரூபாய் என்று வைத்தாலும் 200 ரூபாய்தானே கூட வேண்டும்? ஐந்நூறுக்கு மேல் ஏறியிருக்கிறதே, மீட்டர் ஓடுகிறதா, பறக்கிறதா?”

மீட்டர் ஒழுங்காகத்தான் ஓடுகிறது. பில் போடும் கணக்கில்தான் ஓர் இடத்தில் பள்ளம் இருக்கிறது.

2024 ஜூலையில் வந்த கட்டண விகிதத்தை எடுத்துக்கொள்வோம். இரண்டு மாதப் பயன்பாடு 500 யூனிட்டுக்குள் இருந்தால் முதல் 100 இலவசம். அடுத்த 100 யூனிட்டுக்கு 2.35 ரூபாய், 201 முதல் 400 வரை 4.70, 401 முதல் 500 வரை 6.30. அதாவது 500 யூனிட்டுக்கு 1,805 ரூபாய். இதுவரை படிக்கட்டுதான். ஏற ஏற விலை கூடுகிறது, யாருக்கும் புகார் இல்லை.

500-ஐத் தாண்டியதும் கூடுதல் யூனிட்டுக்கு மட்டும் விலை ஏறினால் அதுவும் இன்னொரு படியாகவே இருந்திருக்கும். அப்படி நடப்பதில்லை. 501 என்று மீட்டர் காட்டிய நொடியில், என்றோ எரித்து முடித்த 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளின் விலையும் 2.35-லிருந்து 4.70 ஆகிவிடுகிறது. அதில் மட்டும் 235 ரூபாய். 501-வது யூனிட்டுக்கு 8.40. ஆக, பில் 1,805-லிருந்து 2,048 ரூபாய் 40 காசுக்குத் தாவுகிறது. அரசு இதை ‘குறைவாகப் பயன்படுத்துவோருக்கு மானியம்’ என்கிறது. வாசகர் பக்கமிருந்து பார்த்தால், கொடுத்ததைத் திருப்பி வாங்குவது.

இப்போது அந்த 40 யூனிட் ஃப்ரிட்ஜை வீடு வீடாகக் கொண்டுபோய் வைத்துப் பாருங்கள். ஏற்கெனவே 60 யூனிட் மட்டும் எரியும் வீட்டில் கூடுதல் செலவு 0. 150 யூனிட் எரியும் வீட்டில் 94 ரூபாய். 480 யூனிட் எரியும் வீட்டில் 1,679 ரூபாயாக இருந்த பில் 2,208 ஆகும். கூடுதல் 529 ரூபாய், அதாவது யூனிட்டுக்கு 13 ரூபாய்க்கு மேல்.

ஏ.சி. இரண்டு ஓடி, 1,050 யூனிட் எரியும் வீட்டுக்கு வாருங்கள். அங்கே ஒரு யூனிட் 11.55 ரூபாய், அட்டவணையிலேயே உச்ச விலை அதுதான். அதே ஃப்ரிட்ஜுக்கு அந்த வீட்டுக்காரர் கூடுதலாகக் கட்டுவது 462 ரூபாய். நடுத்தர வீட்டைவிட 67 ரூபாய் குறைவு! அதிகம் எரிப்பவர் அதிகம் கட்டட்டும் என்பதுதான் இந்த அட்டவணையின் நியாயம். அந்த நியாயம் 500-ன் ஓரத்தில் தலைகீழாகிறது.

இதற்கு மாற்று இல்லாமல் இல்லை. வருமான வரியில் புதிய முறைப்படி 12 லட்சத்தைச் சற்றே தாண்டியவருக்கு, தாண்டிய தொகையைவிட வரி கூடிவிடாதபடி விளிம்பு நிவாரணம் தருகிறார்கள். லட்சங்களுக்குக் காட்டும் கரிசனத்தை ஒரு யூனிட்டுக்குக் காட்ட மின் கட்டண அட்டவணையில் இடமில்லை.

இதில் ஃப்ரிட்ஜின் குற்றம் எவ்வளவு? எந்த 40 யூனிட் எல்லையைத் தாண்ட வைத்தது என்று மீட்டருக்குத் தெரியாது. கோடையில் கூடுதலாக ஓடிய ஏ.சி.யாக இருக்கலாம், மின்விசிறியாக இருக்கலாம். புதிதாக வந்தது ஃப்ரிட்ஜ் என்பதால் பழி அதன்மேல் விழுகிறது.

ரீடிங் எடுக்கும் தேதியும் இதே வேலையைச் செய்யும். நாளுக்கு 8 யூனிட் எரியும் வீட்டில் 60 நாளுக்கு 480 யூனிட். கணக்கெடுக்க வருபவர் நான்கு நாள் தாமதித்தால் 512. பில் 2,140 ரூபாயைத் தாண்டும். அந்த 32 யூனிட் அடுத்த கணக்கில் குறையலாம். இம்முறை பறிபோன 235 ரூபாய் திரும்பி வராது.

மற்ற கேள்விகளுக்குச் சுருக்கமாக:

ஸ்டிக்கரில் இருக்கும் யூனிட்டை நம்பலாமா? ஒன்றோடொன்று ஒப்பிட மட்டும் நம்புங்கள். அது ஆய்வுக்கூடத்தில், கதவைத் திறக்காமல் அளந்த எண். உங்கள் அடுப்படியில் வெயிலும் உண்டு, நிமிடத்துக்கொரு முறை கதவைத் திறக்கும் பிள்ளைகளும் உண்டு.

பழைய ஃபைவ் ஸ்டாரும் புதிய ஃபைவ் ஸ்டாரும் ஒன்றா? இல்லை. 2023 ஜனவரியில் அளவுகோல் இறுக்கப்பட்டது. ஸ்டிக்கரில் நட்சத்திரத்தோடு ஆண்டையும் பாருங்கள்.

இரவில் அணைத்து வைக்கலாமா? வேண்டாம். மிச்சமாவது சொற்பம், புளித்து வழியும் மாவுதான் லாபம்.

கதவு சரியாக மூடுகிறதா என்று எப்படித் தெரியும்? ஒரு பத்து ரூபாய் நோட்டைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுங்கள். தடையில்லாமல் வந்தால் கேஸ்கெட்டை மாற்றுங்கள்.

சுவரோடு ஒட்டி வைக்கலாமா? கூடாது. உள்ளே இருக்கும் சூடு வெளியேறுவது பின்பக்கமும் பக்கவாட்டிலும்தான்.

மாதாமாதம் கணக்கெடுத்தால் தீருமா? எல்லையை 250 என்று பாதியாக வெட்டினால் தீராது. ஒரு மாதம் 300, மறு மாதம் 200 எரிப்பவர் இப்போது தப்பிக்கிறார்; அப்போது மாட்டுவார்.

இந்த பில்லுக்குச் செய்ய ஒன்றுமில்லை, கடைசி நாளுக்குள் கட்டிவிடுங்கள். அடுத்த கணக்குக்கு ஒரு வேலை இருக்கிறது. ரீடிங் எடுத்த முப்பதாம் நாள் மீட்டரைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். அதுவரை எரித்தது 250-ஐ ஒட்டியிருந்தால் மீதி முப்பது நாளும் கவனம் தேவை. மற்ற யூனிட்டுகளில் மிச்சம் பிடித்தால் சில ரூபாய்தான். 501-வது யூனிட்டின் விலை 243 ரூபாய் 40 காசு.