சின்னக் கடனாளிக்கு எந்தக் கோர்ட்?

2019 ஆகஸ்ட்டில் இடுக்கி மாவட்டம் புற்றடி ஸ்பைசஸ் பார்க் ஏலத்தில் ஏலக்காய் கிலோ 7,000 ரூபாய்க்குப் போனது. அதுவரை யாரும் கண்டிராத விலை. முந்தைய ஆண்டு வெள்ளத்தில் செடி அழுகி விளைச்சல் குறைந்ததால் வந்த விலை அது. பலரிடம் விற்கக் காயே இல்லை. ஆனாலும் அந்த விலையை நம்பித்தான் ஏலமலைப் பகுதியில் பலர் கடன் வாங்கிப் பாட்டத்துக்குத் தோட்டம் எடுத்தார்கள், புதுச்செடி வைத்தார்கள். மூன்றே ஆண்டில் சராசரி விலை ஆயிரத்துக்குக் கீழே இறங்கியது. உரமும் மருந்தும் கூலியும் இறங்கவில்லை. 2024 கோடையில் வறட்சி வந்து நின்ற செடியையும் கருக்கியது. சக்குபள்ளத்திலோ அணக்கரையிலோ ஒரு சிறு ஏல விவசாயியின் கடனைக் கணக்கெடுத்தால் அது ஒரே இடத்தில் இருக்காது. கூட்டுறவு வங்கியில் பயிர்க்கடன், நகைக்கடன், குழுக்கடனின் வாரத் தவணை, உரக்கடை பாக்கி, இவை எதற்கும் வழியில்லாதபோது வட்டிக்காரர். இவற்றில் எதையும் அவர் ஏமாற்றும் எண்ணத்தோடு வாங்கவில்லை. திருப்பிக் கட்ட முடியாமல் போனால் அவர் எந்தக் கோர்ட்டுக்குப் போய், என்ன கேட்கலாம்? சட்டப் புத்தகத்தில் இதற்குப் பதில் இருக்கிறது. அந்தப் பதிலை இன்றுவரை அமலுக்குக் கொண்டுவராமல் வைத்திருப்பது பெரிய அநியாயம் என்பதே என் வாதம்.

2016-இல் நாடாளுமன்றம் திவால் சட்டத்தைப் புதிதாக இயற்றியது. கம்பெனிகளுக்கான பகுதி அந்த ஆண்டு இறுதியிலேயே அமலானது. இன்று ஒரு கம்பெனி ஒரு கோடி ரூபாய்க்குக் குறையாத கடனைக் கட்டத் தவறினால் தேசிய கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். கேரளத்துக்குக் கொச்சியிலும் தமிழ்நாட்டுக்குச் சென்னையிலும் அதன் அமர்வுகள் இருக்கின்றன. மனு ஏற்கப்பட்டதும் மற்ற வழக்குகள் நிற்கும், நிர்வாகம் ஒரு நிபுணர் கைக்குப் போகும், கடன் கொடுத்தவர்கள் கூடி முடிவெடுப்பார்கள். அதே சட்டத்தின் மூன்றாம் பகுதி தனிமனிதர்களுக்கானது. 2019 டிசம்பர் 1 அன்று அதில் ஒரே ஒரு வகையினருக்கு மட்டும் அமல் வந்தது: கம்பெனிக் கடனுக்குத் தனிப்பட்ட ஜாமீன் போட்டவர்கள். முதலாளிகளுக்குச் சலுகை காட்ட வந்த மாற்றம் அல்ல இது. ஜாமீன் போட்டுவிட்டு ஒதுங்கியவர்களைப் பிடிக்க வந்தது. 2023-இல் உச்ச நீதிமன்றமும் அது செல்லும் என்றது. ஆனால் மனு போட்ட நாளிலிருந்தே அந்தக் கடன் குறித்த வழக்குகள் நிற்கும் என்ற பாதுகாப்பும் அதோடு சேர்ந்தே அவர்களுக்குக் கிடைத்தது. உரக்கடைக்குக் கடன்பட்டவருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

ஏழைக் கடனாளிக்கென்றே அந்த மூன்றாம் பகுதியில் ‘புதிய தொடக்கம்’ என்ற முறை எழுதப்பட்டிருக்கிறது. மனு ஏற்கப்பட்டால் 180 நாள் யாரும் அந்தக் கடனுக்காக நெருக்க முடியாது. அதற்குள் ஒரு நிபுணர் கணக்கைச் சரிபார்ப்பார். எல்லாம் உண்மை என்றால் கடன் தள்ளுபடியாகும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அதற்கு யார் தகுதி பெறுவார் என்று பாருங்கள். ஆண்டு வருமானம் 60,000 ரூபாய்க்கு மேல் போகக்கூடாது. சொத்து 20,000-ஐயும், கடன் 35,000-ஐயும் தாண்டக்கூடாது. சொந்தமாக வீடே இருக்கக்கூடாது. 60,000 என்பது மாதம் 5,000, நாளொன்றுக்குச் சுமார் 164 ரூபாய். லயத்தில் குடியிருந்து ஒழுங்காக வேலைக்குப் போகும் தோட்டத் தொழிலாளிகூட இந்த வரம்பைத் தாண்டிவிடுவார். அரை ஏக்கரும் ஓட்டு வீடும் வைத்திருக்கும் விவசாயிக்கோ அந்த வீடே தடை. இதில் இன்னொரு முரண்பாடும் இருக்கிறது. சிவில் நடைமுறைச் சட்டத்தின் 60-ஆம் பிரிவு, விவசாயியும் தொழிலாளியும் குடியிருக்கும் வீட்டைப் பொதுவாகக் கடனுக்காக ஜப்தி செய்யக்கூடாது என்கிறது. உடுதுணி, சமையல் பாத்திரம், படுக்கை, விவசாயக் கருவி, விதைத் தானியம், வழக்கப்படி பெண் கழற்றக்கூடாத தாலி எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. 1908-இல் எழுதப்பட்ட சட்டம் ஏழையிடமிருந்து பறிக்கக்கூடாது என்று விட்டுவைத்த வீட்டை, 2016-இன் சட்டம் அவருக்கு நிவாரணம் மறுக்கக் காரணமாக்குகிறது. இந்த வரம்புகளோடு இருக்கும் முறையும்கூட இன்னும் அமலாகவில்லை.

பழைய சட்டம் இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது. தமிழ்நாட்டு மாவட்டங்களில் 1920-இன் மாகாணத் திவால் சட்டமும், சென்னை நகரில் 1909-இன் சட்டமும், கேரளத்தில் 1955-இன் சட்டமும் தனிமனிதர் விஷயத்தில் இன்றும் நடப்பில் உள்ளன. ஐ.பி. போடுவது, மஞ்சள் நோட்டீஸ் கொடுப்பது என்று ஊரில் சொல்வது இதைத்தான். மாகாணச் சட்டத்தின்படி மாவட்ட நீதிமன்றத்திலோ அதிகாரம் பெற்ற சார்பு நீதிமன்றத்திலோ மனு போட வேண்டும். திவாலானவர் என்று அறிவித்ததும் சொத்து ரிசீவரிடம் போகும். அதோடு முடிவதில்லை. கடனிலிருந்து விடுதலை வேண்டி அவரே இன்னொரு மனு போட வேண்டும். கோர்ட் சொன்ன கெடுவுக்குள் போடாவிட்டால் திவால் அறிவிப்பே ரத்தாகும். வக்கீல் வைத்து, வாய்தா வாய்தாவாக நடந்து, ஊராரின் ஏச்சையும் கேட்டு இதை முடிக்கத் தெம்புள்ளவர் யார்? ஆகவே அந்த வழியைப் பெரும்பாலும் பிடித்தவர்கள், சீட்டுப் பணத்தைச் சுருட்டிவிட்டு முன்யோசனையோடு ஐ.பி. போட்டவர்களே. திவால் என்றாலே மோசடி என்ற எண்ணம் மக்களிடம் வேரூன்றியது அவர்களால்தான்.

அந்த எண்ணத்திலிருந்துதான் முதல் ஆட்சேபமும் வருகிறது: கடன் தள்ளுபடியாகும் என்று தெரிந்தால் எல்லோரும் வாங்கிவிட்டுக் கையை விரிப்பார்களே! ஏமாற்றுபவரையும் இல்லாதவரையும் பிரித்துப் பார்க்க முடியாது என்று எண்ணுவதால் எழும் பயம் இது. பிரித்துப் பார்ப்பதற்குத்தானே கோர்ட்? கேரளத்திலிருந்து போன ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்கில் 1980-இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது. கொச்சி வங்கிக்குக் கட்ட வேண்டிய தொகைக்காகக் கடனாளிகளைச் சிறையில் தள்ளலாமா என்பது கேள்வி. பணம் கட்டவில்லை என்பது மட்டும் போதாது. வசதியிருந்தும் கெட்ட எண்ணத்தோடு மறுக்கிறாரா என்று பார்க்க வேண்டும். வறுமையால் கட்ட முடியாதவரைச் சிறையிலிடுவது அரசியல் சட்டத்தின் 21-ஆம் பிரிவுக்கே விரோதம் என்றது தீர்ப்பு. எழுதியவர் பாலக்காட்டில் பிறந்த நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர். சிறைக்கு அனுப்பும் முன் செய்யச் சொன்ன அந்தப் பாகுபாட்டை, விடுதலை கொடுக்கும் முன்னும் செய்ய முடியும். பிரிட்டனில் சிறு கடனாளிக்கான நிவாரண ஆணை 2009 முதல் இருக்கிறது. 2024-இல் கடன் வரம்பை 50,000 பவுண்டாக உயர்த்தி, மனுக் கட்டணத்தையும் நீக்கினார்கள். அமெரிக்கா 1986-இல், பண்ணைகள் மூழ்கிய காலத்தில், குடும்ப விவசாயிகளுக்கென்று தனி அத்தியாயமே சேர்த்தது. மூன்று முதல் ஐந்து ஆண்டுத் தவணைத் திட்டம். அதுவரை நிலத்தில் விவசாயம் தொடரும்.

இரண்டாவது ஆட்சேபம் கனமானது. அரசுதான் கடன் தள்ளுபடி செய்கிறதே, கேரளத்தில் விவசாயக் கடன் நிவாரண ஆணையமும் இருக்கிறதே? வயநாட்டுத் தற்கொலைகளுக்குப் பின் வந்த அந்த ஆணையம் மதிக்கத்தக்கது. இடுக்கியில் விவசாயிகள் அடுத்தடுத்து உயிரை மாய்த்துக்கொண்ட 2019-இல் அதன் நிவாரண உச்சவரம்பை ஒரு லட்சத்திலிருந்து இரண்டு லட்சமாக்க மாநில அமைச்சரவை முடிவெடுத்தது. ஆனால் நிவாரணம் நடைமுறையில் கூட்டுறவுக் கடனைச் சுற்றியே நிற்கிறது. அரசு பணம் ஒதுக்கினால்தான் நகரும். அரசுத் தள்ளுபடியோ தேர்தலைப் பார்த்து வருவது. இருப்பவருக்கும் இல்லாதவருக்கும் ஒரே அளவு. வட்டிக்காரரை அது தொடுவதே இல்லை. சட்டம் நினைத்தால் தொடலாம் என்பதற்குச் சான்று 1938-இல், ராஜாஜி அரசு கொண்டுவந்த சென்னை விவசாயிகள் நிவாரணச் சட்டம். 1932 அக்டோபருக்கு முந்தைய கடன்களில் நிலுவை வட்டியை அது ரத்து செய்தது; அசலைப்போல் இருமடங்கு கட்டியிருந்தால் கடனே தீர்ந்தது என்றது. பாலக்காடு அன்று சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்ததால் அங்கும் அது செல்லுபடியானது. கூட்டுறவு வங்கியில் பணம் போட்டவரும் சாதாரண மனிதர்தானே என்ற கவலை நியாயமானது. ஆனால் ஒன்றுமில்லாதவரிடமிருந்து வராத பணம், அவரைப் பத்தாண்டு துரத்தினாலும் வரப்போவதில்லை.

மிச்சமிருப்பது இடம். 2016 சட்டம் தனிமனிதர் திவாலைக் கடன் வசூல் தீர்ப்பாயத்திடம் கொடுத்திருக்கிறது. அந்தத் தீர்ப்பாயம் வங்கிகள் கடனை வசூலிக்க 1993-இல் உருவானது. இப்போது 20 லட்சத்துக்குக் குறைந்த வழக்கை வங்கியிடமிருந்தே எடுப்பதில்லை. சக்குபள்ளத்துக்காரருக்கு அது எர்ணாகுளம். மலையிறங்கி நூறு கிலோமீட்டருக்கும் மேல் போக வேண்டும், அன்றைய கூலியும் போகும். நாற்பதாயிரம் ரூபாய்க் கடனுக்கு யாரும் அப்படி அலைய மாட்டார்கள். வருமானம், கடன் வரம்புகளை இன்றைய கூலிக்கும் விலைக்கும் ஏற்ப உயர்த்தி, குடியிருக்கும் வீட்டைத் தடையாக்கும் விதியை எடுத்துவிட்டு, இந்த மனுக்களை அருகிலுள்ள சிவில் கோர்ட்டே விசாரிக்கும்படி திருத்த வேண்டும். மனு எழுதிக் கொடுக்க ஆளில்லை என்ற சாக்கும் செல்லாது. 1987-இன் சட்டப்படி தாலுகா தோறும் சட்டப் பணிகள் குழு இருக்கிறது. பெண்களுக்கும் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் வருமானம் பாராமல் இலவச வக்கீல் தர வேண்டியது அதன் கடமை. கடன் பட்டியலும் சொத்துப் பட்டியலும் தயாரித்துக் கொடுக்கும் வேலையை அந்தக் குழுவிடமே ஒப்படைக்கலாம்.