மலைக்கு முதுகைக் காட்டி நின்று பாருங்கள்!

கார்த்திகை தீபத்தன்று திருவண்ணாமலையில் எல்லார் கண்ணும் மலைமேல்தான். ஒரு வருஷம், ஒரே ஒரு வருஷம், மலைக்கு முதுகைக் காட்டி நின்று கூட்டத்தின் முகங்களைப் பாருங்கள். பி.எட். மாணவர்கள் மனப்பாடம் செய்யும் உளவியல் பாடமெல்லாம் கண்ணெதிரே நடக்கும்!

மணி ஐந்தே முக்கால். கோயிலுக்குள் பஞ்சமூர்த்திகள் தீப தரிசன மண்டபத்துக்கு வந்தாயிற்று. 2,668 அடி உயரத்தில் கொப்பரை, நெய், காடாத் துணித் திரி எல்லாம் தயார். தீபம் ஏற்றும் பர்வதராஜ குலத்தார் காத்து நிற்கிறார்கள். எப்போது ஏற்றுவது? அங்கேதான் சூட்சுமம். வருஷத்துக்கு ஒரே முறை வெளியே வரும் அர்த்தநாரீசுவரர் சில நிமிஷம் ஆடிக் காட்சி தருவார். கொடிமரத்தின் முன் அகண்ட தீபம் எரியும். கீழே அது எரிந்ததும் உச்சியில் ஜுவாலை! ஜுவாலை தெரிந்ததும் தெருவெல்லாம் 'அண்ணாமலையானுக்கு அரோகரா!' அந்த முழக்கத்தோடு மாடிக்கு மாடி அகல் விளக்குகள். தூண்டல், துலங்கல், அந்தத் துலங்கலே அடுத்தவருக்குத் தூண்டல். இரண்டே நிமிஷத்தில் அது ஊர் முழுக்கப் பாய்ந்துவிடுகிறது.

அதோ, அப்பா தோளில் ஒரு வாண்டு. மலை எங்கே என்றே அதற்குத் தெரியாது. முதலில் தாத்தா முகத்தைப் பார்க்கிறது. அவர் கை தலைக்குமேல் போகிறது. இதன் கையும் போகிறது, ஒரு கையில் முறுக்கோடு! யாரும் சொல்லித் தரவில்லை. பார்த்தே கற்பது இதுதான். உளவியலாளர் ஆல்பர்ட் பண்டுரா 1961-இல் காற்றடைத்த பொம்மையை வைத்துக் குழந்தைகளிடம் கண்டதும் இதையே. அந்த வாண்டு வளர்ந்து வெளியூர் போனபின், எங்கோ 'அரோகரா' காதில் விழுந்தாலே மயிர்க்கூச்செறியும். பாவ்லோவின் நாய்க்கு மெட்ரோனோம் சத்தத்தில் எச்சில் ஊறிய கதையும் இந்த வகைதான்.

கூட்டத்தில் முன்பின் தெரியாதவர்கள் ஒருவருக்கொருவர் தண்ணீர் பாட்டில் நீட்டுகிறார்கள், 'சாமி, இப்படி வாங்க' என்று இடம் விடுகிறார்கள். ஹென்றி தாஜ்பெல் 1970-களின் தொடக்கத்தில் பிரிஸ்டல் பள்ளிப் பையன்களை அற்பக் காரணத்தால் இரண்டாகப் பிரித்தார். அதற்கே தன் குழுவுக்குச் சலுகை காட்டினார்கள். இங்கேயோ ஒரே தீபம் லட்சக்கணக்கானவர்களை 'நாம்' ஆக்கிவிடுகிறது. எனக்கு இதுதான் பெரிய அதிசயம்.

14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் இன்னொரு வகுப்பு: குரங்குகள்! கேரிபேக் சரசரத்தால் போதும், தலை திரும்பும். சில நேரம் பழம் கிடைக்கும், சில நேரம் கிடைக்காது. அப்படி விட்டுவிட்டுக் கிடைப்பதால்தான் பழக்கம் விடாது என்பது ஸ்கின்னர் காட்டிய உண்மை. தயவுசெய்து தீனி போடாதீர்கள்.

இதே மலையின் குரங்குக் கூட்டத்தைக் கூர்ந்து கவனித்தவர் ரமண மகரிஷி. அவற்றின் கத்தல்களுக்கு அர்த்தம் அவருக்குப் புரியும் என்பார்கள், வழக்குகூடத் தீர்த்துவைத்திருக்கிறாராம். மனிதர் வளர்த்த குட்டியைக் கூட்டம் திரும்பச் சேர்க்காது என்பது பொதுவான எண்ணம். தலைவன் கடித்துப் போட்ட நொண்டிக் குட்டி ஒன்றை அவர் தேற்றினார். நரசிம்ம சுவாமி 1931-இல் எழுதிய ரமணர் வரலாற்றில் அந்தக் கதை இருக்கிறது. பொதுவான எண்ணத்துக்கு மாறாக, கூட்டம் அந்தக் குட்டியைச் சேர்த்துக்கொண்டது. சேர்த்துக்கொண்டது மட்டுமா, பிற்பாடு அந்த நொண்டிதான் கூட்டத்துக்கே ராஜா!