பெயரில்லாத அட்டை

காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் 2017 பெப்ரவரி 20இல் கிளிநொச்சியில் தொடங்கிய போராட்டம் பற்றி நால்வர் சேர்ந்து ஒரு தொடர் எழுதினோம். ஒருவர் முல்லைத்தீவில், ஒருவர் மன்னாரில், ஒருவர் வெளிநாட்டில். பிரதிகள் வட்ஸ்அப்பில் பறந்தன. எது கடைசிப் பிரதி என்று எவருக்கும் தெரியாது. பெயரை மாற்றச் சொன்ன ஓர் அம்மாவின் உண்மைப் பெயர் பழைய பிரதியோடு வெளியாகப் பார்த்தது. தற்செயலாகத்தான் கண்டேன்.

அதன்பின் ட்ரெல்லோவுக்கு மாறினோம். வேலைத்திட்டங்களைக் கவனிக்க 2011இல் வந்த மென்பொருள். ஒரு பலகை, அதில் நிரல்கள், நிரல்களில் அட்டைகள். கட்டுரைக்கு ஓர் அட்டை. பிரதி, படம், திருத்தம், விவாதம் எல்லாம் அதற்குள்ளேயே. களப்பதிவு, எழுத்து, சரிபார்ப்பு, வெளியீடு என அட்டை நகரும். வெளியீட்டுக்கு முன் 'சம்மதம்' என்றொரு நிரலையும் சேர்த்தோம். சொன்னவருக்கே வாசித்துக் காட்டாமல் எதுவும் அதைத் தாண்டக்கூடாது. இது எங்கள் கட்டுப்பாடு, மென்பொருள் தடுக்காது.

இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். பலகையைப் 'பொது' என வைத்தால் இணையத்தில் யாரும் பார்க்கலாம், கூகுள் தேடலிலும் அகப்படும். அட்டையை ஆவணப்படுத்தினால் அது அழிந்துவிடாது, கண்ணுக்கு மறைகிறது, அவ்வளவுதான். அழிப்பதைத் தனியாகச் செய்யவேண்டும்.

ஆகவே உண்மைப் பெயர்களை அட்டையில் எழுதுவதில்லை. இலக்கம் மட்டும். பெயர்கள் ஒரு கொப்பியில், ஒருவரிடம்.

அந்த அம்மாவிடம் இதைத் தயக்கத்தோடுதான் சொன்னேன்.

"கொமிசன்காரரும் எனக்கு இலக்கம்தானே பிள்ளை தந்தவை" என்றார்.