காயலான் கடைக்குப் போகும் அம்புகள்

புது தில்லி: மூங்கில் வில்லில் பயிற்சியைத் தொடங்கி, 2010 தில்லி காமன்வெல்த் போட்டியில் தங்கம் வென்றவர் ராஞ்சி ஆட்டோ ஓட்டுநரின் மகள் தீபிகா குமாரி. ஜார்க்கண்டில் அவர் வழியில் வில்லேந்தும் ஏழைச் சிறார்கள் பலர். போட்டித் தரக் கருவிகளோ பெரும்பாலும் இறக்குமதி. இந்நிலையில், கார்பன் அம்புகளுக்கு மாறிய வீரர்கள் ஒதுக்கும் அலுமினிய அம்புகளை எடைக்குப் போடுவது நியாயமா?

ஒரு குழாய் சுமார் 20 கிராம்தான்; கிலோவுக்கு 50 அம்புகள். விமானத் துறைக்குரிய துத்தநாகக் கலவையான 7075 ரகம், பாத்திரத் துண்டுகளோடு உருகினால் தன் தரத்தை இழந்துவிடும். தாதுவிலிருந்து அலுமினியம் எடுப்பதற்கான ஆற்றலில் சுமார் 5 சதவீதமே உருக்குவதற்குப் போதும் என்பது உண்மை. குழாயாகவே பயன்படுத்தினால் அதுவும் மிச்சம்.

லேசாக வளைந்தவற்றை உருளைக் கருவியில் நிமிர்த்திவிடலாம். வெட்டிக் குட்டையாக்கிச் சிறுவர்களுக்குத் தரலாமே எனத் தோன்றும். சிக்கலே அங்குதான். வெட்ட வெட்ட அம்பின் விறைப்பு கூடும். சிறுவர்களின் இலகுவான வில்லுக்கு அது ஒத்துவராது, இலக்கை விட்டு விலகும். ஆகவே மெல்லிய குழாய்களையே தேர்ந்தெடுக்க வேண்டும். அதற்கு அம்பிலேயே குறிப்பு உண்டு: 1716 என்றிருந்தால் விட்டம் 17/64 அங்குலம், சுவர் கனம் 16/1000 அங்குலம்.

நசுங்கியவையும் விரிசல் விட்டவையும் மீண்டும் வில்லேறவே கூடாது. நாண் விடுபடும் கணத்தில் முறிந்து கையைப் பதம் பார்த்துவிடும். அவை தக்காளிச் செடிக்கு ஊன்றுகோலாகலாம், கூடாரத்துக்குக் காலாகலாம். இதில் புதுமை ஏதுமில்லை. 1939 முதல் அலுமினிய அம்பு தயாரித்த அமெரிக்காவின் ஈஸ்டன் நிறுவனமே பின்னாளில் கூடாரக் கால்களையும் தயாரித்தது.